உள்நிலையில் கட்டிய வேப்பிலை

விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்தது ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் இருந்த இரண்டு வீடுகளில் ஒன்று. நடுவில் ஒரு சுவர், பின்னால் பொதுக்கிணறு. அடுத்த வீட்டுக்காரரும் என் கணவரும் தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தாக்கள். அவர் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிரசவம் முடிந்து தாய்வீட்டிலிருந்து நான் திரும்பியதும், என் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் அவள். தினமும் காலையில் அவளிடம் அவனை விட்டுவிட்டுத்தான் சமைப்பேன்.

அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வந்த அன்று பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தடுப்பு போடாமலே விட்டுவிட்டோம். அதிலிருந்து எந்த வாசலில் வேப்பிலையைக் கண்டாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அம்மை கண்ட வீட்டார் நிலையில் வேப்பிலை செருகுவார்கள். பார்த்தவர்கள் ஒதுங்கிப் போவார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பங்குனியில் சில நாட்களாக அக்கா வீட்டிலிருந்து தாளிக்கும் வாசனை வரவில்லை. கொஞ்சம் மஞ்சள்தூள் கேட்டதற்குத் தீர்ந்துவிட்டது என்றாள். அவள் நாத்தனாரைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வேர்க்கடலை வியாபாரி குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அதற்காக ஏதோ விரதம் என்று எண்ணிக்கொண்டேன். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கவும் மாட்டார்கள், வெளியே எதையும் எடுத்துக் கொடுக்கவும் மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாசலில் வேப்பிலை இல்லையே.

ஞாயிறு காலை பிள்ளையை வாங்கி வரப் போனேன். சில நாட்களாகச் சாத்தியே கிடந்த உள்ளறைக் கதவு அன்று திறந்திருந்தது. அந்த நிலையின் உட்பக்கம் வேப்பங்கொத்து. பாயில் பரப்பிய இலைமேல் அவள் மகள் படுத்திருந்தாள். முகமெல்லாம் கொப்புளம்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்னம்மைதாம்மா. மாப்ள ஊட்டுக்காரங்க வந்துட்டுப் போவட்டும், சாயங்காலமே வாசல்ல கட்டிடறேன். எங்க நாத்தனாருக்கு எத்தினி எடம் தட்டிப்போச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட சொல்லாம எம்புள்ளைய இங்க வச்சிக்கினு இருந்தீங்களேக்கா."

"ஒங்க ஊட்டுக்காரருகிட்ட சொல்லிட்டுத்தான செஞ்சோம்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார். கேட்டேன். மறுக்கவில்லை. கச்சேரியில் வைத்து அக்காவின் கணவர் கெஞ்சினாராம். எனக்குத் தெரிந்தால் பிள்ளையை அனுப்ப மாட்டேன், தெருவுக்கே தெரிந்துவிடும் என்று யோசித்து, மனசில்லாமல்தான் சம்மதித்தாராம்.

"ஒரு பொண்ணோட வாழ்க்கைம்மா" என்றார்.

"நம்ம புள்ள?"

கண்ணாடியிலிருந்து திரும்பாமலே சொன்னார். "ஒண்ணும் ஆவாது."

என் பிள்ளையை ஒரு தட்டிலும் அந்தக் கல்யாணத்தை மறுதட்டிலும் வைத்து எடைபோட்டிருக்கிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

அந்த நாத்தனார் நல்ல பெண். பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள். நான் வாய் திறந்தால் அவள் சம்பந்தம் போய்விடும். திறக்காவிட்டால், வருகிறவர்களின் இடுப்பில் எந்தக் குழந்தை இருக்குமோ? பஸ் நிலையத்துக்கே போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடலாமா என்றும் நினைத்தேன். கடைசியில் கிணற்றடி மரத்தில் ஒரு கொத்து ஒடித்து வந்து என் வாசலில் கட்டினேன். என் வீட்டில் அம்மை இல்லை. இது பொய் என்று தெரிந்தேதான் கட்டினேன். அடுத்த வாசல் எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது; அங்கே வருகிறவர்கள் கண்ணில் இது படாமல் போகாது.

ஜட்கா வந்து நின்றது. முதலில் இறங்கியவள் இடுப்பில் கைக்குழந்தை. வேப்பிலையைப் பார்த்ததும் முந்தானையால் அதன் முகத்தை மூடினாள்.

"ஒங்க ஊட்லயாம்மா?"

"புள்ளைய இந்தப் பக்கம் கொண்டாராதீங்க" என்றேன். 

அவள் என்னையும் அடுத்த வாசலையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறிவிட்டாள். பெரியவர்கள் தெருவிலேயே நின்று இன்னொரு நாள் வருவதாகச் சொன்னார்கள். வரவில்லை.

நான் கிணற்றடியில் இருந்தால் அக்கா குடத்தோடு திரும்பிவிடுவாள். இல்லாத அம்மைக்கு வேப்பிலை கட்டியது தெய்வக்குற்றம் என்று என் கணவர் அன்று சாப்பிடவில்லை. ஆவணியில் அந்தப் பெண்ணுக்கு வேறிடம் முடிந்தது. எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு பல வாரம், விடிந்ததும் பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பேன். ஒரு கொசுக்கடி தெரிந்தாலும் மத்தியானம் மறுபடி பார்ப்பேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்னது பலித்துவிட்டது. அதனாலேயே, என்னிடம் மறைத்து எனக்கு என்ன செய்தார் என்பதை அவரிடம் கேட்க வழியில்லாமல் போய்விட்டது.