குருநகர் டிலக்ஷி ஐஸ் ஹொக்கி விளையாடிய கதை

குருநகரில் ஐஸ் கொம்பனி டிலக்ஷியைத் தெரியாத படகுக்காரர் கிடையாது. நீட்டு ஐஸ் கட்டியைக் கொக்கியால் இழுத்து அரைக்கிற மெசினுக்குள் தள்ளி, நொருங்கி வருவதை மீன் பெட்டிகளுக்குள் அள்ளிப் போடும் இடத்தில் பொறுப்பாக நிற்பவள் அவள். வருடா வருடம் மடு மாதா திருவிழாவுக்குப் போவாள். கொழும்புக்கு ஒரு கலியாணத்துக்குப் போனாள், ஓர் ஒப்பரேசனுக்குப் போனாள். அதற்கு அப்பால் அவள் கால் போனதில்லை. அப்படிப்பட்டவளிடம், நீ கனடாவில் ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணிக்கு நாலு வருடம் கோல் காத்தவள் என்று யாராவது சொன்னால், அவள் என்ன செய்வாள்?

பேஸ்புக்கில் மேகன் என்ற வெள்ளைக்காரப் பெண் எழுதியிருந்தாள். அவர்களின் அணிக்கு ஐம்பது வயதாகிறதாம். அணியின் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். 'நீ செபநாயகத்தின் மகள் டிலக்ஷிதானே? யாழ்ப்பாணத்தில் குருநகர்தானே?' என்று கேட்டிருந்தாள்.

டிலக்ஷி செபநாயகத்தின் மகள்தான். ஊரும் குருநகர்தான். பொய் சொல்ல அங்கே என்ன இருக்கிறது? 'யெஸ்' என்று எழுதிவிட்டு மீன் குழம்பை இறக்கப் போனாள். திரும்பி வந்தபோது இதயமும் அழுகிற முகமுமாகப் போன் நிறைந்திருந்தது. 'எங்கடை டில்! எத்தனை வருடமாகத் தேடுகிறோம்! எங்கே ஒளித்தாய்?'

பின்னால் ஒரு படமும் வந்தது. ஆளா அலுமாரியா என்று சொல்ல முடியாதபடி மெத்தை மெத்தையாகக் கட்டிக்கொண்டு, முகத்தில் கம்பிக்கூடு போட்ட ஒரு உருவம், வெள்ளைத் தரையில் முதுகைக் காட்டி நின்றது. முதுகில் கொட்டை எழுத்தில் செபநாயகம் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

அப்பா செத்து ஐந்து வருடம். அவரின் பெயரைக் கல்லறையிலும் வள்ளத்திலும்தான் டிலக்ஷி பார்த்திருக்கிறாள்.

புருசன் சந்தியோகு போனை வாங்கிப் பார்த்தான்.

"என்னடியப்பா, எனக்குச் சொல்லாமல் எப்ப போய் விளையாடிப்போட்டு வந்தனீ? ஒவ்வொரு நாளும் ஐஸ் கொம்பனிக்கு எண்டு வெளிக்கிடுறது உதுக்குத்தானோ?"

"பகிடியை விடுங்கோ. எனக்குத் தலை சுத்துது."

"பொறு, பொறு. உது உன்ரை லவீனாவல்லோ?"

ஓம், லவீனா. வேறு யார்?

அந்தக் கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை. கனடாவில் இருந்த மார்கிரட் மாமிக்குப் பிள்ளை இல்லை. தம்பி செபநாயகத்தின் மகளைத் தத்தெடுக்க வருடக்கணக்காக அலைந்து விசா எடுத்தாள். வெளிக்கிடுகிற அன்று ஒன்பது வயது டிலக்ஷி கரைக்கு ஓடிப்போய், தகப்பனின் வள்ளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தின கத்தில் பாதிரியார் கூட இறங்கி வந்துவிட்டார். அடித்தும் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள். வழியனுப்ப வந்திருந்த பெரியம்மா கத்தரீனாவின் மகள் லவீனா, தலை வாரி இழுத்து, பவுடர் பூசி, பக்கத்தில் நின்றாள். அதே வயது. அதே மூக்கு. "வந்த விசாவை வீணாக்கிறதே?" என்று யாரோ ஒருவர் கேட்டார். கேட்டது தானென்று பிறகு ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. டிலக்ஷிக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு லவீனா கனடாவுக்குப் பிளேன் ஏறினாள். பெரியப்பா லெனாட்டின் மகள் லவீனா அன்றோடு செபநாயகத்தின் மகள் டிலக்ஷியானாள்.

வேலிச் சண்டை மாதிரி இதுவும் ஆறிப்போய்க் கிடந்தது, இந்த மேகன் வந்து கிளறும் வரைக்கும்.

டிலக்ஷி லவீனாவுக்குப் போன் எடுத்தாள். விசயத்தைச் சொல்லி முடிக்க முன்னமே லவீனா குறுக்கே விழுந்தாள்.

"எடி, ஓம் எண்டே சொன்னனீ?"

"என்னைத்தானே கேட்டவள், டிலக்ஷியோ எண்டு? நான் டிலக்ஷி இல்லையோ?"

"நீ டிலக்ஷிதான். நானும் டிலக்ஷிதான். அதுதானே வில்லங்கம்."

"அப்ப இல்லை எண்டு சொல்லிவிடட்டே?"

"ஐயோ வேண்டாம்! இல்லை எண்டால் அப்ப விளையாடினது ஆர் எண்டு தேடுவாளவை. நானும் போய் முன்னாலை நிண்டால் ரெண்டு டிலக்ஷி. ஒரே தேப்பன், ஒரே பிறந்த திகதி. ஆரும் ஒருத்தர் கவுண்மேந்துக்கு எழுதிப் போட்டால் என்ரை சிற்றிசன்சிப் போச்சு. பிள்ளையள் ரெண்டு பேர் இருக்கினமடி எனக்கு."

"அப்ப நான் என்னதான் சொல்லுறது?"

"நான் ஊருக்குத் திரும்பிப் போயிட்டன். அதாவது நீ திரும்பி வந்திட்டாய். விளங்குதே?"

டிலக்ஷிக்கு விளங்கவில்லை. போகாமலே திரும்பி வருவது எப்படி என்று சந்தியோகுவைக் கேட்டாள். அவனுக்கும் விளங்கவில்லை, ஆனால் நன்றாகச் சிரித்தான்.

மேகன் வீடியோவில் கதைக்கவேண்டும் என்று நின்றாள். அவர்களுக்கு இரவு, இங்கே காலை. வீட்டில் சிக்னல் விட்டு விட்டு வருமென்பதால் டிலக்ஷி ஐஸ் கொம்பனியிலேயே நின்று எடுத்தாள். திரையில் நாலு பெண்கள் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்கள். இந்த முகத்தில் எந்த முகத்தைத் தேடுகிறார்கள்?

"மாறிப்போனாய்," என்றாள் ஒருத்தி.

"வெயில்," என்றாள் டிலக்ஷி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அதற்குள் இன்னொருத்தி கிரீச்சிட்டாள். "அவளுக்குப் பின்னால் பாருங்கள்! ஐஸ்!"

நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பார், இவள் ஐஸை விடவே இல்லை! டிலக்ஷியும் போனைத் திருப்பிக் கட்டிகளைக் காட்டினாள். பாரை மீனும் விளைமீனும் போட என்று சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். உதிலே என்ன சிரிப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு பழைய போட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். கறுத்த வட்டு ஒன்று அங்குமிங்கும் பறந்தது. யார் யாரை ஏன் இடிக்கிறார்கள் என்று பிடிபடவில்லை. அந்த அலுமாரி உருவம் மட்டும், ஆட்டம் தொடங்க முன், குனிந்து ஒரு கையுறையைக் கழற்றி, விரல்களை ஐஸில் தொட்டு, கம்பிக்கூட்டைத் தூக்கி, அந்த விரல்களை நெற்றியில் வைத்துச் சிலுவை போட்டது.

டிலக்ஷி போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இதை நீ ஒவ்வொரு முறையும் செய்வாய்," என்றாள் மேகன். "கேட்டால் சொல்லமாட்டாய். புத்தகத்தில் போட வேண்டும். என்ன அது?"

இதற்கு லவீனா பதில் சொல்லித் தரவில்லை. தேவையும் இருக்கவில்லை. "எங்கடை ஊரில் கடலில் இறங்க முன் அப்படித்தான்," என்றாள் டிலக்ஷி. "தண்ணியைத் தொட்டு நெற்றியில் வைப்போம். எங்கள் அப்பாமாரும் அப்படித்தான்."

அந்த நாலு பேரில் கண்ணாடி போட்ட ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "பிறகு ஏன் எங்களை விட்டுப் போனாய், டில்? வெளிநாட்டுப் போட்டிக்கு எங்களைத் தெரிவு செய்தார்கள். எல்லாரும் பாஸ்போட் கொண்டு வந்தோம். அடுத்த நாள் நீ இல்லை. ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாய். எனக்கு உன் மேல் எவ்வளவு கோபம், தெரியுமா?"

அப்படிக் கேட்டால் கால் முட்டில் நோவு என்று சொல்லச் சொல்லியிருந்தாள் லவீனா. வாய் வரைக்கும் வந்தது. பாஸ்போட் என்ற சொல் காதிலேயே நின்றது. இரவல் பெயரில் இருந்த பாஸ்போட்டை நீட்ட லவீனாவுக்கு ஏன் கை வரவில்லை என்பது அவளுக்கு விளங்கியது. அன்று காலையிலிருந்து விளங்கிய ஒன்று அதுதான். வள்ளத்தைக் கட்டிப்பிடித்த தன் கையும் ஞாபகம் வந்தது.

"எனக்குப் பயம்," என்றாள். "வர விருப்பம் இருந்தது. பயத்தில் வரவில்லை. மன்னித்துக்கொள்."

கண்ணாடிக்காரி அழத் தொடங்கினாள். மற்றவர்களும் தொடர்ந்தார்கள். டிலக்ஷி ஐஸ் குளிரில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். தான் இப்போது பொய் சொன்னாளா, உண்மை சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் மேகன் இப்போதைய படம் ஒன்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றாள் டிலக்ஷி சட்டென்று. "அந்தக் கம்பிக்கூடு போட்ட படத்தைப் போடுங்கள். அதுதான் வடிவு."

வைத்த கையோடு லவீனாவின் அழைப்பு வந்தது.

"என்னடி கேட்டவை? படம் கேட்டவையோ?"

"குடுக்கேல்லை. முகம் மூடின படம்தான் வருமாம். நீ பயப்பிடாதை."

லவீனா நீளமாக மூச்சு விட்டாள். வைத்துவிடுவாள் என்று பார்த்தால் வைக்கவில்லை.

"எல்லாரும் வந்தவையோ?"

"நாலு பேர். பேர் ஒண்டும் எனக்கு வாயிலை வருகுதில்லை. கண்ணாடி போட்ட ஒருத்தி, கட்டைத் தலைமயிர். உன்னிலை கோவமாம். இல்லை, என்னிலை. சரியாய் அழுதவள்."

வெளியே படகுக்காரர் ஐஸுக்குக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

"அவளுக்குப் பேர் கேட்," என்றாள் லவீனா. "இப்ப கோவம் போயிட்டுதாமோ? கேட்டனியே?"

"கேக்கேல்லையடி."

"ஒருக்காக் கேக்கிறியே? நாளைக்கு, சும்மா, நீ கேக்கிற மாதிரி."

"ஆர் கேக்கிற மாதிரி?" என்றாள் டிலக்ஷி. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "சரி, கேக்கிறன்," என்று சொல்லிக் கொக்கியைக் கையில் எடுத்தாள்.