முப்பத்தாறு பேர், ஒரே பதில்

"உண்மையைச் சொல்லும்மா. இதெல்லாம் நீயே வீட்ல உட்கார்ந்து எழுதினதுதானே?"

செவ்வாய்க்கிழமை என் கைடு மேடம் என்னிடம் கேட்ட கேள்வி இது. கையில் நான் கொடுத்த முப்பத்தாறு கேள்விப் பாரங்கள்!

எனக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. (காலை ஐந்தரைக்கு வெம்பக்கோட்டையில் பஸ் ஏறி, சாத்தூரில் மாறி, மதுரை வரை நின்றுகொண்டே போனவளுக்கு வேறென்ன வரும்?)

விஷயம் தெரியாதவர்களுக்கு: நான் எம்.ஏ. சர்வதேச அரசியல், கடைசி செமஸ்டர்.

"அதைப் படிச்சா என்ன வேலை?" என்று கேட்பவர்கள் வரிசையில் வரவும். எனக்கும் தெரியாது.

நாடுகள் போடும் தடையும் ஒப்பந்தமும் ஒரு பட்டாசுத் தொழிலாளியின் வேலையை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் என் ஆய்வு. ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள், அலைய வேண்டாம் என்று நினைத்து எடுத்த தலைப்பு. என் புத்தி அப்படி!

பத்து கேள்விகளோடு பாரம் அடித்தேன். கழுத்தில் காலேஜ் ஐ.டி. கார்டு, கையில் கிளிப் அட்டை, பேனா. சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஆட்களை இறக்கும் இடத்தில் போய் நின்றேன்.

முதல் ஆள் எதிர்வீட்டு மாரியக்கா. நான் பிறந்த அன்றிலிருந்து என்னைத் தெரியும்.

"ஏத்தா, என்ன இங்கன வந்து நிக்க? சாப்பிட்டியா?"

"இருக்கட்டும்க்கா. படிப்புக்காக நாலு கேள்வி கேக்கணும். கடைசில ஒரு கையெழுத்து."

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"ரூமுக்கு நாலு பேருதான் மேடம். காட்டன் சேலைதான் உடுத்துவோம். வாசல்ல தண்ணி, மண்ணு எல்லாம் வச்சிருக்காக."

மேடமா! நான் கேட்டது, வெளிநாட்டுப் பட்டாசு வந்து உங்கள் வேலைநாள் குறைந்ததா என்று.

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். எல்லாம் பாதுகாப்பாத்தான் செய்றோம்."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும்.

அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை! ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் போதுமான தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம் என, ஆய்வுமுறை வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் குஷியாக எழுதிக்கொண்டே போனேன்.

முப்பத்தாறாவது பாரம், அதே கம்பெனியில் வேலை செய்யும் என் அம்மாவுடையது.

அம்மாவும் நாலு பேர் என்றுதான் சொன்னாள். அவசரத்தில் நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

இதில் பெரிய கொடுமை, போன செமஸ்டரில் ஆயுதக் கட்டுப்பாடு பற்றி ஒரு பேப்பர். சோதனைக் குழு வரும்போது நாடுகள் எதையெல்லாம் மறைக்கும், ஏன் மறைக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். வகுப்பிலேயே முதல் மார்க். (கைதட்டுங்கள்.)

மேடம் திட்டி அனுப்பிய அன்று வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு அம்மாவிடம் கத்தினேன்.

"ஏம்மா எல்லாரும் ஒண்ணுபோலப் பொய் சொன்னீக?"

அம்மா சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே சொன்னாள்: "கழுத்துல கார்டு, கையில அட்டை, கடைசில கையெழுத்து. அப்படிச் சோதனைக்கு வர்ற ஆபீசருகளுக்கு என்ன சொல்லணும்னு போர்மேன் சொல்லிக் குடுத்திருக்காரு. அதத்தான் சொன்னோம்."

"நான் ஒன் மகம்மா!"

"ஒங்கிட்டயா சொன்னேன்? அந்தப் பாரத்துக்குல்ல சொன்னேன்."

அம்மா கஞ்சியை வடிக்க ஆரம்பித்தாள்.

"ஒருக்கா ஒருத்தி வாய் தவறி, சட்டத்துல உள்ள நாலு பேருக்கு மேல உட்கார்றோம்னு உள்ளதச் சொல்லிட்டா. மறுநாளே ஆபீசருக வந்து கம்பெனிக்குச் சீல் வச்சுட்டாக. அம்புட்டுப் பேரும் வேலையில்லாம வீட்ல கெடந்தோம். அவ மொகத்துலகூட ஒருத்தரும் முழிக்கல."

அப்புறம் சாப்பிடும்போது அம்மா தானாகவே பேச ஆரம்பித்தாள். உண்மையில் எத்தனை பேர் உட்கார்கிறார்கள், எந்த வெடிமருந்துக்குத் தடை வந்த பிறகு எத்தனை நாள் வேலை போனது, ஆர்டர் இல்லாத மாதம் எப்படிக் கழிகிறது. என் ஆய்வுக்கு வேண்டிய அத்தனையும்! நான் மெதுவாக போனில் ரெக்கார்டரைத் தட்டினேன்.

அம்மா போனைப் பார்த்தாள்.

"நாலு பேருதான்" என்றாள்.

மறுநாளே மேடத்துக்குப் போன் செய்தேன். "திங்கக்கிழமைக்குள்ள புது பாரம் வரணும். இல்லேன்னா அடுத்த வருஷம்தான்" என்றார். இன்னொரு வருஷ ஃபீஸுக்கும் பஸ்ஸுக்கும் எங்கள் வீட்டில் வழியில்லை. முப்பத்தாறு புது பாரங்கள் பிரிண்ட் போட்டு மேசையில் வைத்துவிட்டு, இரண்டு நாள் சும்மா அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடம் போய் என்ன கேட்பது? எனக்கு நிஜமாகவே அலுத்துவிட்டது.

இன்று காலை பாரங்களைக் காணோம்.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து, ஒயர் கூடையில் தூக்குச்சட்டிக்கு அடியிலிருந்து அவற்றை எடுத்து நீட்டினாள்.

முப்பத்தாறிலும் கையெழுத்து! வேன் குலுங்கியதில் சிலது கோணல்மாணலாக. மூன்று பேர் கைநாட்டு, விரலில் ஒட்டியிருந்த அலுமினியப் பவுடரோடு.

கேள்விகளுக்குக் கீழே ஒரு வார்த்தை இல்லை. அத்தனையும் வெறுமை.

"என்னம்மா இது?"

"மாரிதான் எல்லார்ட்டயும் வாங்கிக் குடுத்தா. எத எழுதுனா புள்ள பாஸாகுமோ அத எழுதிக்கிடச் சொல்லுன்னு சொன்னாக."

ஒரு பாரத்தைப் பார்த்தால் பயந்து நடுங்குகிறவர்கள், என்னை நம்பி வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

பொய்யை எழுதினால் மேடம் தூக்கி எறிவார். உண்மையை எழுதினால் அந்த ரூமுக்குச் சீல் விழலாம், கீழே மாரியக்காவின் கையெழுத்து இருக்கும்.

எம்.ஏ. முடித்த அண்ணன்களே, அக்காக்களே, முதல் பாரம் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் கேள்வி, "ஓர் அறையில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்?"

நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?