காவிரிப் பாலத்தில் நான் இல்லாத நாள்

பூவன் பழ வாசனை எனக்கு ஆகாது. உடம்புக்கு ஒன்றும் செய்வதில்லை, மனசுக்குத்தான் ஆகாது. போன வாரம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய்க்கொண்டிருந்தேன். சிந்தாமணியில் ஒருவர் துணிப்பையில் நாலைந்து சீப்புப் பழத்தோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நன்றாகக் கனிந்த பழம். பஸ் காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. பக்கத்தில் புதுப் பாலம் கட்டுகிறார்கள் அல்லவா, அதனால் இப்போதெல்லாம் அங்கே வண்டிகள் நினைத்தால் நகரும், நினைத்தால் நிற்கும். கீழே காவிரி, பக்கத்தில் பூவன் பழம், நடுவில் நான். முகம் தெரியாத ஒரு மனிதர் மேல் கல்யாணமான நாளிலிருந்து நான் வைத்திருக்கும் பொறாமை அப்படியே தொண்டைக்கு வந்துவிட்டது.

சொல்கிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கதையே.

என் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் முதலில் சர்க்கரை, அப்புறம் முட்டி வலி, அதெல்லாம் தீர்ந்ததும் பேச்சு எப்படியாவது அந்த நாளுக்கு வந்து நிற்கும். டெல்லியில் பிரதமரை அவர் வீட்டுத் தோட்டத்திலேயே சுட்டுவிட்ட நாள். தீபாவளி முடிந்த கையோடு வந்த நாள். ‘நீங்க அன்னிக்கு எங்க இருந்தீங்க?’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். பொன்மலையில் வேலை பார்த்த என் நண்பர் லால்குடியில் ரயிலோடு மாட்டிக்கொண்டாராம். முன்பின் தெரியாத ஒரு வீட்டில் உட்காரவைத்துத் தயிர்சாதம் போட்டார்களாம். அந்தத் தயிர்சாதத்தை அவர் இன்றைக்கும் கையை நக்கிக்கொண்டு சொல்வார். இன்னொருவர் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் வாத்தியார். பையன்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய் வீடு வீடாக ஒப்படைத்தாராம். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் நான் அன்று தூங்கிக்கொண்டிருந்தேன்.

உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தேன். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பாக்டரியில் அப்போது எனக்கு நைட் ஷிப்ட். காட்டூரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருந்தோம். மற்ற இருவரும் பகலில் வேலைக்குப் போவார்கள். பாவம், நான் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிற அளவுக்கு நல்லவர்கள். நாடே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நான் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் எழுந்தபோது பசி. அம்மா கொடுத்தனுப்பிய தீபாவளி முறுக்கு டின்னில் மிச்சம் இருந்தது. அதைக் காலி செய்தேன். ரூம்காரர்கள் வந்து கதவைத் திறந்ததும், ‘ஏன்டா இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டீங்க, லீவா?’ என்று கேட்டேன். இதுதான் என் கதை. இதை எந்தச் சபையில் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

என் மனைவி வசந்தாவிடம்தான் முதல் தரமான கதை இருந்தது. அதில்தான் அந்தப் பூவன் பழம் வருகிறது.

கல்யாணமான முதல் வாரம். மாமியார் வீட்டு விருந்துக்காக இருவரும் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போகிறோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் புது வேட்டியில் நான். பாலத்தில் ஏறியதும் அவள் என் தோளைத் தொட்டாள். ஏதோ அந்தரங்கமாகச் சொல்லப் போகிறாள் என்று காதைக் கொடுத்தேன்.

‘இந்த எடத்துலதாங்க என் செருப்பு அறுந்துச்சு’ என்றாள்.

அப்போது அவள் கதையை முழுதாகச் சொன்னாள். அதன் பிறகு பஸ் பாலத்தில் ஏறும்போதெல்லாம் சொன்னாள். விருந்துகளில் சொன்னாள். என் ஆபீஸ் நண்பர்களின் மனைவிகளிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் எனக்குக் காதில் புகை வந்தது.

அன்று அவள் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டைப்ரைட்டிங் கிளாஸில் இருந்தாள். எதிர்க் கடை ரேடியோவில் பாட்டு நின்று வீணை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் ரேடியோவில் வேளைகெட்ட வேளையில் வீணை வந்தால் யாரோ பெரியவர் போய்விட்டார் என்று அர்த்தம். யார் என்று யாரும் கேட்கவே இல்லை. முதலமைச்சர் அப்போது மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தமிழ்நாடே அவருக்காக மண்சோறு சாப்பிட்டு, அலகு குத்தி வேண்டிக்கொண்டிருந்தது. பேப்பரைப் பிரிக்கும்போதே பயந்துகொண்டு பிரிப்போம். அதனால் வீணை கேட்டதும் ஊர் தானாகவே முடிவு கட்டிவிட்டது. அவர்தான் போய்விட்டார். கடைகளை மளமளவென்று சாத்தினார்கள். டெல்லியைப் பற்றி அந்தத் தெருவில் ஒருவருக்கும் நினைப்பில்லை.

டைப்ரைட்டிங் மாஸ்டர் பெண்களை எல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிக் கதவைப் பூட்டிவிட்டார். பஸ் இல்லை. வசந்தா நடக்க ஆரம்பித்தாள். அவள் அப்பா முதலமைச்சரின் தீவிர அபிமானி. அப்பா என்ன ஆகப் போகிறாரோ என்று அழுதுகொண்டே நடந்திருக்கிறாள். சிந்தாமணி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பாலத்தின் தொடக்கத்தில் செருப்பு வார் அறுந்தது. அப்போதுதான் அந்த ஆள் சைக்கிளில் வந்திருக்கிறான். கேரியரில் காந்தி மார்க்கெட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பூவன் தார். மாம்பழச்சாலைக்குப் போகிறவன்.

‘கேரியர்ல எடமில்லீங்க. இருந்தாலும் நீங்க உக்கார மாட்டீங்க’ என்றானாம். ‘செருப்ப ஹேண்டில்பார்ல மாட்டுங்க. நான் தள்ளிக்கிட்டே வரேன்.’

‘வேணாங்க, நீங்க போங்க, நான் வந்துக்குறேன்.’

‘கல்லு கில்லு வீசுறாங்களாம். ரெண்டு பேரா போவோம்.’

ஏறி மிதித்தால் ஐந்து நிமிடத்தில் வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவன், மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்ணுக்குத் துணையாகப் பாலம் முழுவதும் நடந்திருக்கிறான். வசந்தாவுக்கு அவன் பெயர் தெரியாது. கேட்கவில்லையாம். முகமும் சரியாகச் சொல்ல மாட்டாள். நெற்றியில் மழைத் தண்ணீர் வழிந்தது மட்டும் ஞாபகம் இருந்தது. கேட்டீர்களா? என் நெற்றியில் எத்தனையோ மழைத் தண்ணீர் வழிந்திருக்கிறது, அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது, ‘இன்னிக்கு நடந்தே போவோமே, நான் சைக்கிள தள்ளிக்கிட்டு வரேன்’ என்றேன். கேரியரில் ஒரு சீப்புப் பழமும் கட்டியிருந்தேன். பூவன் வாங்க ரோஷம் இடம் தரவில்லை, ரஸ்தாளி வாங்கினேன். சிந்தாமணி வரை வந்தாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

‘என்னங்க, கால் வலிக்குது. பஸ் வருது பாருங்க, நான் இதுல போயிடுறேன். நீங்க பின்னாடியே வாங்க’ என்று ஏறிப் போயே போய்விட்டாள். எதிர்க்காற்றில் தனியாக மிதித்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது மாமியார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. இன்னொரு பாதி இருக்கிறது. அதை அவள் என்னிடம் மட்டும், ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து, கரண்ட் போன ஒரு சாயங்காலம், விசிறிக்கொண்டே சொன்னாள்.

பாலம் இறங்கி மாம்பழச்சாலையில் ஒரு டீக்கடை பாதி சாத்தியிருந்ததாம். உள்ளே ரேடியோ. அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு, ‘அண்ணே, முதலமைச்சர எப்ப எடுக்கிறாங்களாம்?’ என்று கேட்டிருக்கிறான்.

டீக்கடைக்காரர், ‘அவருக்கென்ன? நல்லா இருக்காரு. யாருய்யா சொன்னது அவர் போயிட்டாருன்னு?’ என்றாராம்.

‘நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம்’ என்றாள் வசந்தா. ‘பாலம் பூரா அழுதுக்கிட்டே வந்துருக்கோம். பசிச்சப்ப கூட, துக்க நாளு பழம் திங்கக்கூடாதுன்னு தார்ல கை வைக்கலங்க. எல்லாம் சும்மான்னு தெரிஞ்சதும் சிரிச்சுட்டோம். அப்படி ஒரு சிரிப்பு. வயித்தப் புடிச்சிக்கிட்டு, ரோட்டுல நின்னு. என் வாழ்க்கையில அப்படிச் சிரிச்சதில்ல.’

‘அப்புறம்?’ என்றேன்.

‘டீக்கடைக்காரர் சிரிக்காதீங்கன்னாரு. பிரதமர சுட்டுட்டாங்கன்னாரு. சைக்கிள்காரரு செருப்ப எடுத்துக் கையில குடுத்தாரு. தார்லேருந்து ஒரு சீப்பு அறுத்து, நாளைக்குக் கடை இருக்காது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னாரு. போயிட்டாரு.’ கொஞ்ச நேரம் விசிறினாள். ‘சாவு நாள்ல சிரிச்சேன்னு யார்கிட்டங்க சொல்ல முடியும்?’

துணைக்கு நடந்ததை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பழம் கொடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. வசந்தா வாய்விட்டுச் சிரிக்கிறவள் இல்லை. என் ஜோக்குகளுக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோளைக் குலுக்குவாள், அவ்வளவுதான். அவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைக்க நான் எத்தனை வருடம் எத்தனை கோமாளித்தனம் செய்திருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. அந்த ஆள் ஒன்றுமே செய்யாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

வசந்தா போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது.

போன வாரம் பஸ்ஸில் நான் போனது அவள் தங்கை கோமதி வீட்டுக்கு. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இளவட்டங்கள் கூடத்தில் உட்கார்ந்து கொரோனா ஊரடங்கு அறிவித்தபோது யார் யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோதே தெரிந்துவிட்டது, பேச்சு எங்கே வந்து நிற்கும் என்று. கோமதியின் மகள் ரேவதிதான் திரும்பினாள்.

‘பெரியப்பா, பிரதமர சுட்ட அன்னிக்குப் பெரியம்மா கூடப் பாலத்துல நடந்து வந்த சைக்கிள்காரர் நீங்கதானே? அப்படிப் பாத்துதானே ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சு?’

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அக்கா அன்று நனைந்து, கையில் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து நின்றதைப் பார்த்தவள் கோமதி. அத்தான் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது.

எனக்கு வாயில் எச்சில் ஊறியது என்றே சொல்லலாம். இத்தனை வருடம் பொறாமைப்பட்ட கதையை ஒரு பெண் தட்டில் வைத்து நீட்டுகிறாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். காட்டூர் ரூம், முறுக்கு டின், எல்லாம் ஒரே நொடியில் ஒழிந்துவிடும். மழையும் சைக்கிளும் எனக்கு வந்துவிடும். வசந்தா இல்லை, மறுத்துச் சொல்ல.

‘இல்லம்மா’ என்றேன். ‘அது வேற ஒருத்தரு. நான் அன்னிக்குத் தூங்கிட்டு இருந்தேன்.’

எல்லாரும் சிரித்தார்கள். கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது. கேட்டார்களே என்று முழுக் கதையையும் சொன்னேன். வீணையிலிருந்து தொடங்கி டீக்கடை வரை. டீக்கடையில், ‘அங்கதான் விஷயம் தெரிஞ்சுது. அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க’ என்று முடித்துக்கொண்டேன். சிரிப்பை நான் தரவில்லை. அது அவள் எனக்கு மட்டும் சொன்னது.

ஏன் ஆமாம் என்று சொல்லவில்லை என்று திரும்பி வரும்போது யோசித்தேன். பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை. நான்தான் அவர் என்று ஆகிவிட்டால் அவர் இல்லை என்று ஆகிவிடும். அவர் இல்லையென்றால் அந்தச் சிரிப்பைக் கேட்டவர் உலகத்தில் யாருமே இல்லை.

மாம்பழச்சாலையில் இறங்கி அந்த டீக்கடையைத் தேடினேன். இருந்திருக்கக்கூடிய இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. டைப்ரைட்டிங் கிளாஸ் போய்விட்டது. நேரம் தவறி வீணை வாசிக்கிற ரேடியோ போய்விட்டது. யார் செத்தார்கள் என்று இப்போது அவரவர் பையிலேயே வந்து விழுந்துவிடுகிறது. அதனால் தப்பான ஆளுக்காக ஒரு பாலம் முழுக்க யாரும் அழுதுகொண்டு நடக்கப் போவதில்லை. என்ன சேதி என்று பக்கத்து ஆளை யாரும் கேட்கப் போவதுமில்லை. புதுப் பாலம் வந்துவிட்டால், பழைய பாலத்தில் செருப்பு அறுந்த இடம் இது என்று காட்டவும் ஆள் இருக்காது.

இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போனால், சைக்கிள் தள்ளிக்கொண்டு போகும் கிழவர்களை நின்று பார்க்கிறேன். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். இருக்கிறாரோ இல்லையோ. இருந்தால் அவர் காதில் வசந்தாவின் அந்தச் சிரிப்பு இன்னும் இருக்கும். கூடவே வாழ்ந்த என் காதில் அது ஒரு நாளும் இருந்ததில்லை. இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைக் கண்டுபிடித்தால் சண்டை போட மாட்டேன். உட்காரவைத்து, அவ எப்படிங்க சிரிச்சா, கொஞ்சம் சொல்லுங்க என்று கேட்பேன்.