சாயம் கூடக் கூட மங்கிய டியூப்

ஒரகடம் கம்பெனியில் மேனேஜர் மேரியின் ஐடி கார்டைப் பிடுங்கி வைத்த அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நாங்கள் தயாரித்தது ஆய்வுக்கூட மெஷின்களைச் சரிபார்க்கும் கரைசல். அதில் டிஎன்ஏ மேல் சாயம் ஒட்டியிருக்கும். மெஷின் நீல ஒளி அடித்தால் பச்சையாக ஒளிரும். கியூசியில், அதாவது தரச் சோதனையில், ரீடிங் எடுப்பது நான். சாயம் ஊற்றுவது பென்னலூரிலிருந்து வரும் கான்ட்ராக்ட் பெண் மேரி. அன்று அவள் ஊற்றிய பேட்ச் மங்கலாக வந்தது.

"சாயத்தைக் கம்மியா ஊத்திட்டு கதை விடுறியா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். நீங்க சொன்னாப்ல தூக்கலாத்தான் ஊத்திகீறேன்."

"ரீடிங் ஏறலைன்னா நாளைலேர்ந்து வராதே. வெளிய நில்லு."

அந்தப் பேட்ச் டியூபில் மேனேஜரே இன்னும் கொஞ்சம் சாயம் ஊற்றினார். ரீடிங் இறங்கியது. இன்னும் ஊற்றினார். இன்னும் இறங்கியது. மெஷின் கெட்டுவிட்டது என்றார். பழைய நல்ல பேட்சை வைத்தேன், சரியாகக் காட்டியது. சாயம் கெட்டுவிட்டது என்றார். அந்தப் பேட்சுக்கும் இதே பாட்டில்தான். எரிச்சலில் வெறும் டிஎன்ஏ கரைசலை எடுத்து அந்த டியூபில் ஊற்றிக் கலக்கினேன்.

"யோவ், அது ஒளிரவே ஒளிராது. அத ஊத்தி இன்னா ஆவப்போவுது?" என்றார் மேனேஜர்.

ரீடிங் ஏறியது.

சாயம் விற்றவரிடம் போனில் கேட்டேன். சாய மூலக்கூறுகள் டிஎன்ஏவில் நெருக்கி உட்கார்ந்தால், ஒன்று வாங்கிய சக்தி பக்கத்திலிருப்பதற்குத் தாவி, ஒளியாக வராமல் சூடாகத் தொலைந்துவிடுமாம். டிஎன்ஏ கூடினால் விலகி உட்கார இடம் கிடைக்குமாம். சூடானால் டியூப் ஏன் சுடவில்லை என்று கேட்டேன். சிரித்தார். இன்றுவரை எனக்குப் பாதிதான் புரிகிறது.

மேனேஜருக்கு வேறு மாதிரி புரிந்தது.

"அப்போ அதிகமா ஊத்திட்டா. அதுவும் தப்புதானே? அனுப்பிடு."

காலையில் கம்மி என்று திட்டிய அதே வாய்.

"தூக்கலா ஊத்தச் சொன்னது நீங்க சார். அப்ப உங்க கார்டையும் கழட்டி வைங்க," என்றேன்.

மேனேஜர் மேரியின் கார்டை மேஜையில் என் பக்கம் தள்ளினார்.

மேரி செக்யூரிட்டி ரூம் பக்கத்தில் நின்றிருந்தாள். கார்டைக் கொடுத்தேன்.

"கம்மியாண்ணா, அதிகமா? இன்னாதான் முடிவாச்சு?"

"அதிகம்."

"அப்ப நாளைக்கு எவ்ளோ ஊத்தறது?"

"ஷீட்ல எழுதியிருக்கற அளவு. எவன் சொன்னாலும் அதான்."

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டியூப் மங்கினால் மேலே மேலே ஊற்றாதீர்கள். ஏற்கெனவே எவ்வளவு ஊற்றியது, யார் ஊற்றச் சொன்னது என்று கேளுங்கள். மேலே இருப்பவருக்குக் கோபம் வரும். வரட்டும்.