நிர்மலா அறுத்த இடுப்பு நூல்

நிர்மலாவின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் நறுக்கென்று வெட்டிவிடும். தான் தைத்த ரவிக்கை என்று இல்லை. பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் சுடிதார் ஓரம், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டைக் கை, எதையும் விட்டது கிடையாது. கல்யாணமாகி வடக்கனந்தலுக்கு வந்த நாள் முதல் தையல் மெஷின் மிதிப்பவள். அந்தக் கைக்கு யோசனை எல்லாம் தேவைப்படாது.

ஞாயிறுதோறும் பட்டாம்பூச்சி பார்த்துக் குறித்துவைக்கும் குழுவில் அவள் சேர்ந்ததும் தையலால்தான். குழுவை நடத்தும் கோகிலவாணி டீச்சர் துணிப் பேனருக்கு ஓரம் அடிக்கத் தந்திருந்தார். அதைக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோமுகி அணைப் பக்கம் போனவள், அப்படியே அவர்களோடு நடந்துவிட்டாள். மற்றவர்கள் பறந்த ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதிக்கொண்டார்கள். அவள் மட்டும், "அந்த மயில்கழுத்து கலர் போச்சே, அது இன்னாங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரமே, "நிர்மலா சொன்ன மயில்கழுத்து எங்க?" என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டில் வெங்கடேசனுக்கு இது பெரிய வேடிக்கை. லோடு ஆட்டோ ஓட்டும் நண்பர்களிடம், "எங்க வூட்டுக்காரி ஜாக்கெட்டு தெச்சிக்கினு இருந்தா. இப்ப பூச்சிக்கு அளவு எடுக்கப் போயிட்டா" என்பான்.

போன ஞாயிறு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து தர்மன் ஒரு எலுமிச்சைக் குச்சியோடு இறங்கி வந்திருந்தார். சாமையும் தினையும் போடுகிற மலை விவசாயி. குழுவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குச்சியில் பச்சையாக ஒரு கூட்டுப்புழு. தன் வீட்டு எலுமிச்சையில் முட்டையிலிருந்து அவர் பார்த்துப் பார்த்து வளர்த்தது. முன்னால் வளர்த்த இரண்டையும் குளவி கொண்டுபோய்விட்டது. வால் பக்கம் குச்சியில் ஒட்டியிருக்க, முதுகைச் சுற்றி முடி போல ஒரு பட்டு நூல் அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. "பனைமரம் ஏறுறவர் இடுப்புல கயிறு கட்டிக்கிற மாதிரி" என்று டீச்சர் எல்லோருக்கும் காட்டினார். நிர்மலாவும் பார்த்தாள்.

"மறுபடி பைக்குல மலை ஏத்துனா குலுங்கிடும் தங்கச்சி. ஒங்க வூட்டுல இருக்கட்டும். வெளிய வந்தா வீடியோ எடுத்து அனுப்புங்க" என்று குச்சியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார் தர்மன்.

துணி வெட்டும் பலகை ஓரம், குச்சியைப் பாட்டிலில் செருகி வைத்தாள். புதன்கிழமை மாலை ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு அவசரம். வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். கையில் கத்தரி, கழுத்துப் பட்டியில் ஒரு நூல், நறுக். கை ஓரத்தில் ஒன்று, நறுக். வெளிச்சத்தில் பளிச்சென்று இன்னொன்று தெரிந்தது, நறுக்.

கூட்டுப்புழு பின்பக்கம் சாய்ந்து, ஒரு நொடி தலைகீழாகத் தொங்கி, ரவிக்கைத் துணி மேல் விழுந்தது.

வாசலில் நின்றவர்களை எப்படி அனுப்பினாள் என்றே தெரியவில்லை. தர்மன் நம்பிக் கொடுத்த பொருள். மூன்றாவதையும் குளவி தூக்கியிருந்தால்கூடப் பரவாயில்லையே, தன் கை அல்லவா கெடுத்தது! யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. ஆனால் போனை எடுத்து தர்மனையே கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் அத அறுத்துட்டேன்."

"இன்னாத்த?"

"இடுப்பு நூல. பிசிறுன்னு நெனச்சி கத்திரிச்சிட்டேன். கீழ வுழுந்துடுச்சி."

தர்மன் மெதுவாகக் கேட்டார்: "லேசா தொட்டா நெளியுதா பாருங்க."

தொட்டாள். நெளிந்தது.

"அப்ப உசுரு இருக்குது. அழாதீங்க. டீச்சருகிட்ட கேப்பம்."

டீச்சர் உடனே வழி சொன்னார். தாளைக் கூம்பாகச் சுருட்டி, தலை மேலே இருக்கிற மாதிரி அதில் வைக்க வேண்டும். வெளியே வந்ததும் பிடித்து ஏற, சொரசொரப்பாக ஏதாவது பக்கத்தில் வேண்டும். ஏறித் தொங்கினால்தான் இறக்கை விரியும். நிர்மலா லைனிங் துணியில் விரல் நீளத்துக்கு ஒரு கூம்புப் பை தைத்தாள். மேலே ஏற பழைய சாக்குத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டாள்.

வெங்கடேசன் எட்டிப் பார்த்து, "ஊக்கு வெக்கலியா?" என்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, எறும்பு ஏறாமல் இருக்கத் தட்டில் தண்ணீர் ஊற்றி வந்து அடியில் வைத்தான்.

சனிக்கிழமை விடிந்தபோது பச்சை போய்க் கூடு கறுத்திருந்தது. உள்ளே இறக்கையின் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. காபி ஆறிக்கொண்டிருந்தது. கூட்டின் முதுகு வெடித்தது. ஈரமாக ஒன்று வெளியே வந்து, தடுமாறி, சாக்கைப் பிடித்து ஏறியது. இறக்கைகள் பிழிந்து போட்ட கைக்குட்டை மாதிரி கசங்கிக் கிடந்தன. வலது பக்கம் மெல்ல விரிந்தது. இடது பக்கம் மடிந்தே இருந்தது. நிர்மலா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வீடியோ எடுக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. வெங்கடேசன்தான் போனை எடுத்துப் பிடித்தான்.

மெதுவாக, மிக மெதுவாக, இடதும் இறங்கி விரிந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

வீடியோ போன உடனே தர்மன் கூப்பிட்டார். "ரெண்டும் நேரா இருக்குது தங்கச்சி! எனக்குக் கை காலு ஓடல, இப்பதான் மூச்சு வுடுறேன்."

"எனக்கும்தான் அண்ணா."

வெயில் ஏறியதும் ஜன்னலைத் திறந்துவிட்டாள். அது இரண்டு தரம் இறக்கை அடித்துப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு முருங்கை மேலாக மலைப் பக்கம் போய்விட்டது.

"போயிடுச்சா?" என்றான் வெங்கடேசன்.

"போயிடுச்சி."

"அப்ப இன்னிக்காவது கொழம்புல உப்பு போடுவியா? மூணு நாளா சப்புனு துன்னுக்கினு இருக்கறேன்."

நிர்மலா சிரித்துவிட்டாள். "சொல்றதுக்கு இன்னா, வாயில்லியா ஒனக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.