லுணுகலை ரோட்டில் மூன்று கடை அறைகள்

நான் முட்டாள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதுளைக் கடைவீதியில் சில பேர் இன்னும் அப்படித்தான் பேசித் திரிகிறார்கள். பன்னிரண்டு வருடம் வாடகைக் கடையில் அரிசியும் கருவாடும் விற்றவன் நான். காணி வாங்குமுன் ஒரு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டவன்.

லுணுகலை ரோட்டோரம் ஒரு துண்டுக் காணி விலைக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்டதும் சனமெல்லாம் அந்த வழியாகத்தான் டவுனுக்கு இறங்கும். அங்கே மூன்று கடை அறை கட்டினால் ஒருநாளும் காலியாகக் கிடக்காது. காணி விலை, கல், சுண்ணாம்பு, தகரம், ஆசாரி கூலி எல்லாவற்றையும் கூட்டினேன். கையில் இருந்தது பாதிதான். மீதிக்கு மனைவியின் நகையைச் செட்டியாரிடம் அடகு வைத்தேன். இரண்டு அறை வாடகை வட்டிக்குப் போகும், மூன்றாவது அறை வாடகை அசலில் கழியும்.

"நாலே வருஷம். ஒரு குண்டுமணி குறையாம மீட்டுத் தர்றேன்" என்று அவளிடம் சொன்னேன். காதில் கிடந்ததையும் கழற்றிக் கொடுத்தாள்.

காணி ஒரு சிங்கள அண்ணன் தம்பிக்கு அப்பன் வழியில் வந்தது. அவர்களுக்கு ஒரு தங்கை. அவளும் அவள் புருஷனும் காணிக்குப் பின்னாலிருந்த அவள் அப்பன் வீட்டிலேயேதான் இருந்தார்கள். அந்த மனுஷன் மாமனார் வயலில் உழுவதைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்து வாய்ச்சான்யா வீட்டோட மாப்பிள்ளை!" என்று கடையில் உட்கார்ந்து கிண்டல் செய்திருக்கிறேன்.

காணி உறுதி எழுதிய அன்று, பத்திரம் எழுதும் நொத்தாரிஸ், "வேற பங்காளி உண்டா?" என்று கேட்டார். மூத்தவன் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ஒரு தங்கச்சிதாங்க. கட்டிக் குடுத்தாச்சு." நான் பிறந்த மதுரைப் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அதோடு பங்குப் பேச்சு முடிந்தது. அண்ணனும் தம்பியும் தரையைப் பார்த்தபடி ஒப்பம் வைத்தார்கள். அடப் பாவிகளா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அறைகள் எழும்பி, வாடகைக்கு விட்டு, எட்டாவது மாதம் தங்கைக்காரி வந்து நின்றாள்.

"முதலாளி, இதுல மூணுல ஒரு பங்கு என்னோடது."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே டவுனில் இன்னொரு நொத்தாரிஸிடம் போனேன். அங்கேதான் சிரிப்பு நின்றது. இந்த மலைநாட்டுச் சிங்களவர் வழக்கில் பெண் புருஷன் வீட்டுக்குப் போனால்தான் அப்பன் சொத்தில் அவளுக்குப் பங்கு இல்லையாம். புருஷன் அவள் வீட்டுக்கு வந்து குடியிருந்தால் அதைப் 'பின்ன' கல்யாணம் என்பார்களாம், அண்ணன் தம்பிக்குச் சமமாக அவளுக்கும் பங்கு உண்டாம். நான் கிண்டல் செய்த மாப்பிள்ளைதான் அவளுடைய உரிமைக்கே சாட்சி! தலையில் அடித்துக்கொண்டேன்.

மூத்தவனைப் பிடித்து உலுக்கினேன். "நீங்கதானே முதலாளி சொன்னீங்க" என்றான். வாங்கிய பணமும் செலவாகிவிட்டதாம். வழக்குப் போட்டால் கட்டடத்துக்காவது ஏதாவது கிடைக்கலாம் என்றார்கள். வழக்குக்கு ஆகும் செலவில் இன்னும் ஓர் அறை கட்டிவிடலாம். கடைசியில் ஓர் அறையின் வாடகையை அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். மிஞ்சிய இரண்டும் வட்டிக்கே சரி. அசல் அசையவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒருவன் அறையைக் காலி செய்துவிட்டுப் போனான், வட்டியும் தவறியது. தவணை முடிந்ததும் செட்டியார் நகையை விற்றுவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து கத்தினேன். "ஒரு பொம்பள வந்து என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டா!"

மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நகையைப் பற்றி அதுவரை ஒருநாளும் வாய் திறக்காதவள்.

"எங்கப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் நஞ்சை இருந்துச்சு. எல்லாம் அண்ணன்மாருக்குத்தான். பொண்ணுக்கு நெலம் கெடையாது, இதான் உன் பங்குன்னு சொல்லித்தான் அந்த நகையப் போட்டு அனுப்பினாரு."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அவ பங்க அவ வந்து கேட்டு வாங்கிட்டா. என் பங்க நான் யார்கிட்டங்க போய்க் கேக்கறது?"