டவாலி மூன்றாவது முறை கூப்பிட்டபோது

குடும்ப நீதிமன்றம் என்றால் கூண்டும் கூச்சலுமாக இருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். அங்கே இருந்ததெல்லாம் காத்திருப்புதான். வராந்தா பெஞ்சில் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் என் கணவர் ஆரோக்கியராஜ். பிரிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. யார் முதலில் பேசுவது என்ற வீம்பு முற்றி, இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்கும் அளவுக்கு வந்து நின்றது.

மத்தியானம் நெருங்கும்போது டவாலி வாசலில் வந்து குரல் கொடுத்தார். "ஆரோக்கியராஜ்! ஸ்டெல்லா மேரி!"

யார் முதலில் எழுவது என்று இருவரும் உட்கார்ந்தே இருந்தோம். மறுபடியும் கூப்பிட்டார். எங்கள் இருவர் பெயரையும் இதற்கு முன் இப்படிச் சேர்த்துக் கேட்டது மாதா கோயிலில்தான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்து, தடை ஏதும் தெரிந்தால் சொல்லச் சொன்னார்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது என் கணவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "ஓலை படிச்சப்ப யாருமே தடை சொல்லல. இப்ப யாராவது சொன்னா தேவலை."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யாராவது என்னா யாராவது? நான் சொல்றேன், வாங்க."

உள்ளே போனதும், "அம்மா, இந்த விவாகரத்துக்குத் தடை இருக்குங்க" என்றேன்.

நீதிபதி அம்மா நிமிர்ந்து பார்த்தார். "யாரோட தடை?"

"எங்களோடதுதாங்க" என்று அவர் முந்திக்கொண்டார். நீதிபதியும் சிரித்துவிட்டார்.

தனித்தனி வண்டியில் வந்தவர்கள் முத்தியால்பேட்டை வீட்டுக்கு ஒரே வண்டியில் திரும்பினோம். என் ஸ்கூட்டி கோர்ட் வாசலிலேயே கிடந்தது. நாங்கள் வாய் திறக்க, ஒருவர் வாசலில் நின்று மூன்று முறை கத்த வேண்டியிருந்தது.